பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்

ஆங்கிலத்தில் ஒரு சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. வாக்கியத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இது விளங்கவே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. பாடம் தலைகீழாகத் தொடங்கியதுதான் காரணம். முதலில் பட்டியல் வந்தது. வாக்கியம் சாவகாசமாகப் பின்னால் வந்தது.

1980களின் தொடக்கத்தில், காவிரிப் பாசனத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பில், அந்தப் பட்டியல் கரும்பலகையின் இடது ஓரத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தது. கணக்கு சார் வந்தாலும் அறிவியல் சார் வந்தாலும் அந்தக் கட்டத்தை மட்டும் அழிக்கக் கூடாது. நவுன், ப்ரொநவுன், அட்ஜெக்டிவ், வெர்ப், அட்வெர்ப், ப்ரிபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் என்று எட்டு. எதிரே பெயர்ச்சொல், பிரதிப்பெயர்ச்சொல், பெயர் உரிச்சொல், வினைச்சொல், வினை உரிச்சொல், முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்பிடைச்சொல். பையன்கள் நான்கு கோட்டு நோட்டில் இவற்றை ஆங்கிலத்தில் எழுதி, அடியில் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பையும் எழுதிக்கொண்டார்கள். ஆங்கில சார் நோட்டுத் திருத்தும்போது பென்சில் எழுத்தைக் கண்டால் திட்டுவார். ஆனாலும் அதை அழித்தவர்கள் குறைவு.

எட்டு என்ற கணக்கு ஆங்கிலத்துக்குச் சொந்தமானது அல்ல. டயோனிசியஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணச் சிறுநூல் சொற்களை எட்டு வகையாகப் பிரித்தது. ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற ஆர்ட்டிகிள் அதில் ஒரு வகை. லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. எனவே லத்தீன் இலக்கணக்காரர்கள் அதை எடுத்துவிட்டு, வியப்புச் சொற்களைத் தனி வகையாக்கி எட்டை நிறைத்தார்கள். நான்காம் நூற்றாண்டில் டொனாட்டஸ் எழுதிய பள்ளிப் பாடநூல் இந்த எட்டையே ஐரோப்பா முழுக்கப் பரப்பியது. ‘ஆ’, ‘ஐயோ’ போன்ற சொற்களுக்குத் தனி நாற்காலி கிடைத்த கதை இதுதான். அந்த எட்டைத்தான் ஆங்கிலத்துக்கும் வெட்டித் தைத்துப் போட்டார்கள். 1586இல் வில்லியம் புல்லொகர் எழுதியது ஆங்கிலத்துக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம். 1762இல் ராபர்ட் லோத் ஆர்ட்டிகிளைத் திரும்பச் சேர்த்து ஒன்பது என்றார். இந்தியப் பள்ளிகளில் நெஸ்ஃபீல்டின் இலக்கண நூலுக்குப் பிறகு கோலோச்சிய ரென் அண்ட் மார்ட்டின் நூல் மறுபடி எட்டுக்கே வந்தது. ஆர்ட்டிகிள் அதில் அட்ஜெக்டிவ் வீட்டில் ஒண்டுக் குடித்தனம். இருவரில் ரென் என்பவர், ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிய அதே பி. சி. ரென்தான். இந்த விஷயம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தத் தடித்த புத்தகத்தின் மேல் பையன்களுக்குக் கொஞ்சம் பிரியம் வந்திருக்கும்.

எட்டில் பையன்களைப் பாடாய்ப் படுத்தியது ஆறாவது. லத்தீனில் ‘முன்னால் வைக்கப்பட்டது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது ப்ரிபொசிஷன். ஒரு பெயருக்கோ பிரதிப்பெயருக்கோ முன்னால் நின்று, அந்தப் பெயருக்கும் வாக்கியத்தின் மற்றொரு பகுதிக்கும் உள்ள உறவைக் காட்டுவது அதன் வேலை. இந்த இலக்கணத்தைச் சார் ஒருமுறை சொன்னார். ஆனால் பையன்கள் படித்தது கைட் புத்தகத்தில் இருந்த பட்டியலை. ஆன் என்றால் மேல், இன் என்றால் உள்ளே, அண்டர் என்றால் கீழ், வித் என்றால் உடன் என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள்.

அந்த வாய்ப்பாட்டை உடைத்தது ஒரு பல்லி. சார் டஸ்டரை மேசைமேல் வைத்து ஆன் என்றார். இழுப்பறைக்குள் போட்டு இன் என்றார். மேசைக்கு அடியில் வைத்து அண்டர் என்றார். எல்லாம் வாய்ப்பாட்டின்படியே நடந்தது. பிறகு விட்டத்தைக் காட்டி, “பல்லி எங்கே இருக்கு?” என்றார். கைட் படித்த பையன் எழுந்து, பல்லி விட்டத்துக்குக் கீழே தொங்குவதால், “தி லிஸர்ட் இஸ் அண்டர் தி ரூஃப்” என்றான். “ஆன்” என்றார் சார். “மேல இல்லையே சார்?” “மேல கீழ பார்க்காதே. ஒட்டிக்கிட்டு இருக்கா பாரு. ஒட்டிக்கிட்டு இருந்தா ஆன்.” சுவரில் மாட்டிய காந்தி படம், விரலில் மோதிரம், நெற்றியில் பொட்டு, காலில் செருப்பு எல்லாம் அன்றைக்கு ஆன் ஆயின. சுவரில் இருந்த விரிசல் மட்டும் இன். அது சுவரின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, சுவருக்குள் போயிருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ‘சுவரில்’தான்.

தமிழில் ஓர் உருபு பல வேலை பார்ப்பது இந்த இடத்தில் பெரிய தொல்லை. ‘இல்’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்று, பஸ்ஸில் ஏறி, பையில் இருக்கும் காசை எடுத்துக் கொடுத்து, சென்னையில் இறங்கிவிடலாம். ஆங்கிலத்தில் பஸ் ஸ்டாப்புக்கு அட், பஸ்ஸுக்கு ஆன், பைக்கும் சென்னைக்கும் இன். எந்த வாகனத்தில் போனாய் என்ற கேள்விக்கு பை பஸ். ‘கு’வும் இப்படித்தான். எட்டு மணிக்கு என்றால் அட், பள்ளிக்கு என்றால் டு, தம்பிக்கு வாங்கியது என்றால் ஃபார், ஊருக்குத் தெற்கே என்றால் ஆஃப். ‘இருந்து’ என்பது ஃப்ரம், சின்ஸ் இரண்டுக்கும் பொது. ‘மூன்று வருஷமாக’ என்பதில் வரும் ‘ஆக’வுக்கு ஃபார் தேவைப்படுகிறது. காலையிலிருந்து காத்திருந்தவன் ‘ஃப்ரம் மார்னிங்’ என்று எழுதி வாங்கிய சிவப்புக் கோடுகளுக்கு அளவில்லை. பொருளைத் தமிழில் பிடித்து அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தேடினால் ப்ரிபொசிஷன் அகப்படாது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

சரியான சொல்லைப் போடுவது ஒரு கஷ்டம். போட்டிருக்கும் சொல்லை இன்னதென்று அடையாளம் காண்பது வேறொரு கஷ்டம். தேர்வில் அடிக்கோடிட்ட சொல்லின் வகையைக் கேட்பது இந்த இரண்டாவது கஷ்டம். அதில் பட்டியல் மோசம் செய்யும். அதற்குச் சார் எடுத்த உதாரணம் டவுன். ஊர் ஸ்டேஷனில் காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி. ஒன்று அப், மற்றது டவுன். ‘தி டவுன் ட்ரெயின் இஸ் லேட்’ என்பதில் டவுன், ட்ரெயின் என்ற பெயருக்கு அடைமொழி. எனவே அட்ஜெக்டிவ். ‘ஹீ சேட் டவுன்’ என்பதில் உட்கார்ந்த வினையோடு சேர்வதால் அட்வெர்ப். ‘ஹீ கேம் டவுன் தி ஸ்டெப்ஸ்’ என்பதில் படிகள் என்ற பெயரை வினையோடு இணைப்பதால் ப்ரிபொசிஷன். ‘அப்ஸ் அண்ட் டவுன்ஸ்’ என்பதில் பன்மை விகுதி ஏற்ற பெயர்ச்சொல். தொழிலாளிகள் வேலையை நிறுத்திக் கருவிகளைக் கீழே வைத்ததைச் சொல்லும் ‘டவுன்ட் டூல்ஸ்’ என்பதில் காலம் காட்டும் வினைச்சொல். ஒரே சொல், ஐந்து நாற்காலி. பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்ட ஒருவன், டவுன் பஸ் மாதிரி டவுனுக்குப் போகிற ரயில்தான் டவுன் ட்ரெயின் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தான். எதிர்த் திசையில் போகிற அப் வண்டியும் ஒரு டவுனுக்குத்தானே போகிறது என்பது மட்டும் அவனுக்கு இடித்துக்கொண்டே இருந்தது.

ஐந்து நாற்காலிகளில் ப்ரிபொசிஷன் எது என்று கண்டுபிடிக்க உள்ள எளிய சோதனை, அதற்குரிய பெயரைத் தேடுவது. ப்ரிபொசிஷனுக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும். பெரும்பாலும் அது அடுத்தே நிற்கும். நடுவில் ஒரு தி, ஓர் அட்ஜெக்டிவ் வரலாம். ‘கம் இன்’ என்பதில் இன்னுக்குப் பிறகு ஒன்றுமில்லை. அது அட்வெர்ப். ‘கம் இன்டு தி ரூம்’ என்பதில் அறை இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் நின்றால் அட்வெர்ப், பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றால் ப்ரிபொசிஷன், பின்னால் எழுவாயும் பயனிலையுமாக ஒரு முழு வாக்கியமே வந்தால் கன்ஜங்ஷன். பிஃபோர், ஆஃப்டர், சின்ஸ் ஆகியவை இந்த மூன்றிலும் மாறி மாறி உட்காருபவை. ‘பிஃபோர் தி எக்ஸாம்’ என்பதில் பரீட்சை என்ற பெயர். ‘பிஃபோர் தி எக்ஸாம் பிகின்ஸ்’ என்பதில் பரீட்சை தொடங்குகிறது என்ற வாக்கியம். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்’ என்பதில் பின்னால் யாருமில்லை. அடிக்கோட்டுச் சொல்லையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தோற்றார்கள். அதற்கு அடுத்த இரண்டு மூன்று சொற்களைப் பார்த்தவர்கள் தேறினார்கள்.

பிரதிப்பெயரைப் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் ஐ, ஹீ, ஷீ, தே என்பவை மீ, ஹிம், ஹெர், தெம் ஆகிவிடும். ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று எழுதினால் பிழை. அதைப் பிரிட்டனில் பிறந்தவர்களே எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது வகுப்புக்குக் கிடைத்த சந்தோஷம் சொல்லி முடியாது. பட் என்ற சொல் வழக்கமாகக் கன்ஜங்ஷன். ஆனால் ‘தவிர’ என்ற பொருளில் ‘ஆல் பட் ஹிம்’ என்று வரும்போது ஹிம் காட்டிக்கொடுத்துவிடுகிறது, அங்கே பட் ப்ரிபொசிஷன் என்று.

பெயர் பின்னால் இருந்தும் ப்ரிபொசிஷன் இல்லாத இடம் ஒன்று உண்டு. அங்கேதான் நன்றாகப் படிக்கிறவனும் சறுக்குவான். ‘ஹீ ரேன் அப் எ ஹில்’, ‘ஹீ ரேன் அப் எ பில்’. முதலாமவன் குன்றின்மேல் ஓடினான். இரண்டாமவன் கடையில் கடன் ஏற்றினான். இரண்டிலும் அப்புக்குப் பின்னால் பெயர் இருக்கிறது. ஆனால் முதலில் அப் குன்றோடு சேர்ந்தது, இரண்டாவதில் ரேன் என்ற வினையோடு சேர்ந்தது. அந்தச் சிறு சொல்லை நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘ரேன் எ பில் அப்’ என்று சொல்லலாம். ‘ரேன் எ ஹில் அப்’ என்று யாரும் சொல்வதில்லை. பிரதிப்பெயர் வந்தால் இன்னும் தெளிவு. சட்டையைப் போடுவது ‘புட் இட் ஆன்’, விளக்கை அணைப்பது ‘டர்ன் இட் ஆஃப்’. இட் நடுவே புகுந்துகொள்கிறது. உண்மையான ப்ரிபொசிஷன் அப்படி இடம் விடாது. ‘லுக் அட் இட்’ என்பதை ‘லுக் இட் அட்’ ஆக்க முடியாது. கடைக்காரரிடம் கணக்கு வைத்திருந்த வீட்டுப் பையன்களுக்கு ரேன் அப் எ பில் உடனே பிடிபட்டது.

பெயர் முன்னால் ஓடிப்போய்விடும் வாக்கியங்களும் உண்டு. ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ என்பதில் அட் கடைசியில் அநாதையாக நிற்கிறது. அதன் பெயர், வாட் என்ற வடிவில் வாக்கியத்தின் தலைப்பில் இருக்கிறது. இப்படி முடிக்கக் கூடாது என்று சில பாடநூல்கள் கண்டித்தன. 1672இல் கவிஞர் ஜான் டிரைடன் தம் முன்னோடியான பென் ஜான்சனிடம் கண்ட குறைதான் இந்தக் கண்டிப்புக்கு முன்னோடி. டிரைடனுக்கு லத்தீனே அளவுகோல். லத்தீனில் ப்ரிபொசிஷனைப் பெயரிலிருந்து இப்படிப் பிரித்துக் கடைசியில் தள்ள வழியில்லை. இதைப் பற்றிப் பேசிய லோத், ஆங்கிலத்தின் இயல்பான போக்கு இது என்று சொன்ன இடத்தில் அந்த வாக்கியத்தொடரையே டு என்ற ப்ரிபொசிஷனில் முடித்தார். குறும்புக்காகச் செய்தாரா, கை தன்னால் போனதா என்பது வாசிப்பவர் பாடு.

டு பற்றித் தனியே சொல்ல வேண்டும். ‘ஐ வென்ட் டு தி மார்க்கெட்’ என்பதில் பெயருக்கு முன் நிற்கும் ப்ரிபொசிஷன். ‘ஐ வான்ட் டு கோ’ என்பதில் வினைக்கு முன் நிற்கும் வெறும் அடையாளம். இரண்டும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. இந்த வேறுபாடு தெரியாதவர்கள்தான் விண்ணப்பக் கடிதத்தின் கடைசி வரியில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு சீ யூ’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே டு ப்ரிபொசிஷன். எனவே அடுத்து வரும் வினை பெயராகி ‘சீயிங்’ என்று நிற்க வேண்டும்.

மற்ற ஏழு வகைகளும் இதே வழியில் அடையாளப்படுபவைதாம், ஆனால் இவ்வளவு சண்டை இல்லை. ‘ஸ்டோன் வால்’ என்பதில் கல் என்ற பெயர் சுவருக்கு அடைமொழியாக நிற்கிறது. தமிழிலும் கற்சுவர் அப்படியே. ஃபாஸ்ட், ஹார்ட் ஆகியவை பெயரோடு சேர்ந்தால் அட்ஜெக்டிவ், வினையோடு சேர்ந்தால் அட்வெர்ப். எல்-ஒய் எழுத்துகளில் முடிந்தால் அட்வெர்ப் என்ற குறுக்குவழியை நம்பியவர்களை ஃப்ரெண்ட்லி என்ற அட்ஜெக்டிவ் கவிழ்த்தது. இன்டர்ஜெக்ஷனைப் பற்றிச் சொல்ல ஆச்சரியக்குறிக்கு மேல் ஒன்றுமில்லை.

இத்தனையும் நடந்துகொண்டிருந்த அதே வகுப்பறையில், அடுத்த பீரியடில் தமிழ் ஐயா வேற்றுமை நடத்திக்கொண்டிருந்தார். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பையன்கள் ராகம் போட்டார்கள். பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவைக் காட்டுவது உருபு என்று ஐயா சொன்னார். முந்தைய பீரியடில் ப்ரிபொசிஷனுக்குச் சார் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. ஒரே செய்தி நாற்பத்தைந்து நிமிட இடைவெளியில் இரண்டு மொழியில் அதே காதுகளில் விழுந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. சார் தமிழ் ஐயாவின் எல்லைக்குள் போகமாட்டார், ஐயாவும் அப்படியே. இடையில் இருந்த மணியடிப்பு ஏதோ நாட்டு எல்லை போலிருந்தது.

உறவு பழையது. தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பிரிக்கிறது. இடைச்சொல் தானாகத் தனித்து இயங்காது. பெயரையோ வினையையோ சார்ந்தே வரும். வேற்றுமை உருபுகளும் இடைச்சொல் வகையிலேயே அடங்குகின்றன. ஆக, கரும்பலகையின் ஓரத்தில் எழுதியிருந்த ‘முன்னிடைச்சொல்’ என்ற பெயரை வைத்தவர் யாரானாலும் விவரமானவர். இடைச்சொல் என்பதும் சரி, முன் என்பதும் சரி. தமிழில் அது பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் முன்னால் தனியே நிற்கும். வேறுபாடு அவ்வளவுதான். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகளை இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்திலிருந்து பிரித்துக் காட்டும் கூறுகளில் ஒன்றாக இதைச் சொல்லியிருக்கிறார். முன்னால் வரும் சொற்களுக்குப் பதில் இங்கே பின்னால் வருபவை என்று. மேல், கீழ், உள், பற்றி, வரை, முன், பின் எல்லாம் பெயரின் முதுகுப்புறம் நிற்பவை. ‘மேசையின் மேல்’ என்பதைக் கண்ணாடியில் காட்டினால் ‘ஆன் தி டேபிள்’.

கண்ணாடி எல்லா இடத்திலும் நேராகக் காட்டாது. தமிழில் உருபு இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் வெறும் வினையே போதும் என்றிருந்தால், தமிழ் நாக்கு பழக்கதோஷத்தில் ஒரு ப்ரிபொசிஷனைப் போட்டுவிடும். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பது ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ ஆகும். ‘அறைக்குள் நுழைந்தான்’ என்பது ‘என்டர்ட் இன்டு’ ஆகும். டிஸ்கஸ், என்டர் இரண்டுக்குள்ளும் அந்தப் ‘பற்றி’யும் ‘உள்’ளும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. கல்யாணத்தில் இன்னொரு குழப்பம். தமிழில் ஒருவரை மணப்பதும் உண்டு, ஒருவருடன் திருமணம் ஆவதும் உண்டு. அந்த ‘உடன்’ போய் ‘மேரிட் வித்’ ஆயிற்று. ஆங்கிலத்துக்கு டு வேண்டும். இவற்றைத் தவறு என்று அடித்த சார், எதனால் தவறு வருகிறது என்று சொன்னதில்லை. தமிழ் ஐயாவைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

வகைப் பிரிப்பே மாறிவிட்டது என்பது பின்னாளில் தெரியவந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் 1924லேயே, பின்னால் பெயர் வந்தால் ஒரு வகை, வாக்கியம் வந்தால் வேறு வகை என்று ஒரே சொல்லைப் பிரிப்பது வீண் வேலை என்று வாதிட்டார். வினைச்சொல்லில் செயப்படுபொருள் குன்றியதும் உண்டு, குன்றாததும் உண்டு, ஆனாலும் இரண்டும் வினைதானே என்பது அவர் கேள்வி. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம் அந்த வழியிலேயே போய், ‘கம் இன்’ என்பதில் வரும் இன்னையும் ‘பிஃபோர் தி எக்ஸாம் பிகின்ஸ்’ என்பதில் வரும் பிஃபோரையும் ப்ரிபொசிஷன் என்றே சொல்லிவிட்டது. கணினிக்கு ஆங்கிலம் கற்பிக்க உருவான பென் ட்ரீபேங்க் குறியீட்டுத் தொகுதி வேறொரு சமரசம் செய்தது. ப்ரிபொசிஷனுக்கும் சார்பு வாக்கியத்தைச் சேர்க்கும் கன்ஜங்ஷனுக்கும் ஒரே குறி. டு எங்கே வந்தாலும் அதற்கு மட்டும் தனிக் குறி. அது எந்த வகை என்ற வழக்கையே எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எந்த நாற்காலியிலும் சரியாக உட்காராத சொற்கள் உண்டு. நியர் அவற்றில் ஒன்று. ‘தி டெம்பிள் இஸ் நியர் தி டேங்க்’ என்பது அந்த வகுப்பில் கேட்கப்பட்ட வாக்கியம். கோயில் குளத்துக்குப் பக்கத்தில். பின்னால் தி டேங்க் இருக்கிறது, எனவே ப்ரிபொசிஷன் என்று எல்லோரும் எழுதினார்கள். டவுன் ட்ரெயினில் ஏமாந்த பையன் மட்டும் எழுந்து, “நியரர் தி டேங்க் என்றும் சொல்லலாமே சார்?” என்று கேட்டான். டால், டாலர் என்று ஒப்பீட்டு விகுதி ஏற்பது அட்ஜெக்டிவும் அட்வெர்பும்தான், ஆன் ஆனர் ஆவதில்லை என்பது சார் முந்தின வாரம் நடத்திய பாடம். சார் சாக்பீஸை விரலில் உருட்டியபடி கொஞ்ச நேரம் கரும்பலகையின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பரீட்சைக்கு ப்ரிபொசிஷன்னே எழுது” என்றார். மணியடித்தது. தமிழ் ஐயா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.